அளந்து போட்ட அன்பு

பாஸ்டனில் இருந்து சார்லஸ் ஆற்றைத் தாண்டினால் கேம்பிரிட்ஜ். ஹார்வர்டும் எம்ஐடியும் இருக்கிற ஊர் என்று நமக்குத் தெரியும். அதை ஒட்டி சாமர்வில். 1930களில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இன்னொரு முகம் இருந்தது. தொழிற்சாலைகள், நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள், பெருமந்தத்தில் வேலை போன அப்பாக்கள், தெருவில் சுற்றும் பையன்கள். அந்தப் பையன்களில் 650 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரி இருக்கும் இருவர் இருவராக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டார்கள். ஒருவனுக்கு வருடக்கணக்கில் உதவி. மற்றவனுக்கு ஒன்றும் கிடையாது.

கேட்க இரக்கமில்லாத காரியமாகத்தான் படும். ஆனால் பிள்ளைகள் கெட்டுப்போகாமல் தடுப்பது எப்படி என்ற விஷயத்தில் நமக்கு உறுதியாகத் தெரிந்த கொஞ்சநஞ்சத்தில் ஒரு பெரும் பங்கு அந்த நாணயத்தால் வந்தது. அது சொன்ன செய்தியைக் கேட்க யாருக்கும் விருப்பம் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாணயத்தைச் சுண்டச் சொன்னவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர். 1868ல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். நோயாளியின் வீடு, வேலை, சாப்பாடு இதெல்லாம் தெரியாமல் மருந்து எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று 1905ல் தன் மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளரைக் கொண்டுவந்தார். மருத்துவ சமூகப்பணி என்ற துறை அமெரிக்காவில் வேர்விட்டதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம்.

கேபட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. சக மருத்துவர்களை எரிச்சல்படுத்திய குணம். நோயாளி உயிரோடு இருக்கும்போது மருத்துவர் சொன்ன நோய் என்ன, இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது தெரிந்த நோய் என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 1912ல் 3000 பிரேதப் பரிசோதனைகளை வைத்து அவர் வெளியிட்ட கட்டுரை, பெயர்பெற்ற மருத்துவர்களும் எத்தனை முறை தவறாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டியது. நல்ல மருத்துவர், அனுபவசாலி, கைராசிக்காரர் என்கிற பெயரெல்லாம் பிணவறை மேசையில் செல்லுபடியாகாது என்பது அவர் கட்சி.

1920ல் அவர் ஹார்வர்டில் சமூக அறவியல் பேராசிரியர் ஆனார். 1931ல் அமெரிக்க சமூகப் பணியாளர்களின் மாநாட்டுக்குத் தலைவர். அங்கே நின்றுகொண்டு அவர்களிடம் கேட்ட கேள்வியும் இதேதான்: நீங்கள் செய்கிற உதவியால் பலன் இருக்கிறதா, எப்படித் தெரியும், எதை வைத்து அளக்கிறீர்கள்?

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. 1934ல் ஷெல்டன் குளுக், எலினார் குளுக் என்ற ஹார்வர்ட் தம்பதி, பாஸ்டன் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த ஆயிரம் பையன்களின் கதையைப் புத்தகமாக்கினார்கள். நாட்டிலேயே சிறந்த சிகிச்சை மையம் என்று பெயரெடுத்த இடத்தில் பரிசோதிக்கப்பட்ட பையன்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், அவர்களில் சுமார் 88 சதவீதம் பேர் மறுபடி குற்றத்தில் இருந்தார்கள். நீதிமன்றப் படி ஏறியபின் செய்வதெல்லாம் வெள்ளம் வந்தபின் போடும் அணை என்று கேபட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே, பத்து வயதில், ஒரு நல்ல மனிதரின் நட்பு கிடைத்தால்? ‘ஐந்தில் வளையாதது’ என்று நாமும்தான் காலங்காலமாகச் சொல்கிறோம்.

அதே 1934ல் அவர் மனைவி எல்லா லைமன் கேபட் இறந்தார். குழந்தைகள் இல்லாத தம்பதி. மனைவியின் பெயரால் ஒரு அறக்கட்டளை அமைந்தது. அந்தப் பணத்தில்தான், ஊரார் பிள்ளைகள் 650 பேருக்கான திட்டம் 1935ல் உருவானது. வரலாற்றில் அதன் பெயர் கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வு.

பையன்களைத் தேர்ந்தெடுத்த விதமே ஒரு தனிப்பாடம். ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், சமூக அமைப்புகள் எல்லோரிடமும் பெயர் கேட்டார்கள். ‘இவன் உருப்பட மாட்டான்’ என்று சொல்லப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் அந்தத் திட்டத்தில் சேர்வதே ஒரு முத்திரையாகிவிடும். அதனால் சாதாரணப் பையன்களையும் சேர்த்தார்கள். எல்லோரும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே. வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள், மருத்துவப் பரிசோதனை செய்தார்கள், புத்திக்கூர்மையை அளந்தார்கள். பிறகு வயது, உடல்நலம், குடும்பம், தெரு, சுபாவம் என்று எல்லாவற்றிலும் நெருங்கிவரும் இருவரை ஜோடி சேர்த்தார்கள். 325 ஜோடிகள். அண்ணன் தம்பியைப் பிரிக்க வேண்டாம் என்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மற்றதை நாணயம் பார்த்துக்கொண்டது.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவதென்றால்கூட பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று காட்டி, எது எடுபடுகிறது என்று பார்க்கிறோம். ஏ/பி டெஸ்ட் என்று பெயர். மருத்துவத்தில் இந்த முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை பிரிட்டனில் வெளியானது 1948ல். கேபட் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, மாத்திரையை விட அளக்கக் கடினமான ஒன்றை, அக்கறையை, இந்தத் தராசில் வைத்துவிட்டார். உதவி மறுக்கப்பட்ட பாதிக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். ஆலோசகர்கள் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். எப்படியும் எல்லோருக்கும் எட்டாது. எட்டாத ஒன்றைப் பங்கு வைக்க சீட்டுக் குலுக்கிப் போடுவதைவிட நியாயமான வழி எது?

உதவி 1937க்கும் 1939க்கும் இடையில் தொடங்கியது. ஒவ்வொரு பையனுக்கும் ஓர் ஆலோசகர். சராசரியாக மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். அப்பா அம்மாவிடம் பேசுவார். பந்து விளையாடக் கூட்டிப்போவார். பாதிக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைத்தது. கால்வாசிப் பேர் கோடை முகாமுக்குப் போனார்கள். பலர் சாரணர் இயக்கத்திலும் ஒய்எம்சிஏவிலும் சேர்ந்தார்கள். நகரத்துப் புழுக்கத்தில் கிடந்த பையனுக்கு ஏரியும் காடும் கிடைத்தன. சராசரியாக ஐந்தரை வருடம் இது நடந்தது. இன்றைக்கு எந்த அரசாங்கமாவது ஒரு பையனுக்கு ஐந்தரை வருடம் இப்படிச் செய்ய முன்வந்தால் கைதட்டி வரவேற்போம்.

கேபட் 1939லேயே இறந்துவிட்டார். பிறகு போர் வந்தது. ஆலோசகர்கள் சிலர் ராணுவத்துக்குப் போனார்கள், பெரிய பையன்களும் போனார்கள். வேலைப்பளு தாங்காமல் ஒரு பகுதிப் பையன்களைப் பாதியிலேயே திட்டத்திலிருந்து விடுவித்தார்கள். அவர்கள் போக, பின்னாளில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் 253 ஜோடிகள், 506 பேர். 1945 இறுதியில் திட்டம் முடிந்தது. ஆலோசகர்கள் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் எழுதிவைத்த குறிப்புகள் கட்டுக்கட்டாக மிஞ்சின.

ஆலோசகர்களைக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு பையன்களுக்கு நல்ல பலன் என்றார்கள். பையன்களைக் கேட்டபோது பாதிக்கு மேல் ஆமாம், உதவியாக இருந்தது என்றார்கள். கொடுத்தவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. சாதாரணமாக ஒரு திட்டத்தின் அறிக்கை இந்த இடத்தில் முடிந்துவிடும். படம் எடுத்து, மாலை போட்டு, அடுத்த வருட நிதிக்கு விண்ணப்பித்துவிடுவார்கள்.

இங்கே இன்னொரு பாதி இருந்தது. எட்வின் பவர்ஸும் ஹெலன் விட்மரும் 1951ல் வெளியிட்ட முடிவுகளிலும் அதையொட்டி வந்த கட்டுரையிலும் இரண்டு குழுக்களின் நீதிமன்றக் கணக்கும் அருகருகே வந்தது. உதவி பெற்றவர்களில் நீதிமன்றம் ஏறியவர்கள் 96 பேர். உதவி பெறாதவர்களில் 92 பேர். குற்றங்களின் எண்ணிக்கையை எடுத்தால் 264க்கு 218. அதாவது, பலன் பூஜ்யம்.

சரி, விதை போட்ட மறுநாளே பழம் பறிக்க முடியுமா, கொஞ்ச காலம் போகட்டும் என்றார்கள். நியாயமான சமாதானம்தான். 1950களில் வில்லியம் மெக்கார்டும் ஜோன் மெக்கார்டும் அந்தக் குறிப்புகளை மறுபடி பிரித்தார்கள். 1959ல் அவர்கள் புத்தகம் வந்தது. அப்போதும் பலன் எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு ஜோன் மெக்கார்ட் 1968ல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் முடித்து, 1970களின் நடுவில் தனியாக இந்த வேலைக்குத் திரும்பினார். பையன்கள் இப்போது நாற்பதுகளில் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் ஆள் கிடைக்கும் காலம் இல்லை அது. வாகனப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, நீதிமன்ற ஏடு, மனநல மருத்துவமனைக் கோப்பு என்று ஒவ்வொன்றாகத் துழாவி, 506 பேரில் 480 பேரைக் கண்டுபிடித்தார். முப்பது வருட இடைவெளிக்குப் பிறகு 95 சதவீதம்! இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் வியக்கும் எண் அது.

1978ல் அவர் முடிவுகளை வெளியிட்டார். ஒரு முறையாவது குற்றம் செய்தவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் மறுபடியும் செய்தவர்கள், உதவி பெற்ற குழுவில் 78 சதவீதம், பெறாத குழுவில் 67. கேள்வித்தாளுக்கு வந்த பதில்களை வைத்துக் குடிநோயாளி என்று கணிக்கத்தக்கவர்கள் 17 சதவீதத்துக்கு 7. தீவிர மனநோய், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள உடல்நோய், இளவயது மரணம், வேலையில் திருப்தியின்மை என்று எந்தப் பக்கம் வித்தியாசம் தெரிந்தாலும் அது உதவி பெற்றவர்களுக்குப் பாதகமாகவே இருந்தது. பலனில்லை என்பதைத் தாண்டி, திட்டம் கெடுதல் செய்திருக்கிறது.

ஜோடி ஜோடியாகவும் அவர் பார்த்தார். தண்டனை பெறும் அளவுக்குக் கடும் குற்றம், 35 வயதுக்குள் மரணம், குடிநோய், கடும் மனநோய், இதில் ஏதாவது ஒன்று நடந்தால் ‘மோசமான முடிவு’ என்று வைத்துக்கொண்டார். 253 ஜோடிகளில் 125ல் இருவருமே தப்பினார்கள். 25ல் இருவருமே சிக்கினார்கள். மிச்சம் 103. அதில் உதவி பெறாதவன் மட்டும் சிக்கிய ஜோடிகள் 39. உதவி பெற்றவன் மட்டும் சிக்கியவை 64. திட்டத்தால் எந்த விளைவும் இல்லையென்றால் இது 103 முறை நாணயம் சுண்டுவது மாதிரி. பாதிக்குப் பாதி விழ வேண்டும். எந்தப் பக்கமாகவாவது இவ்வளவு கோணலாக விழ நூற்றில் சுமார் இரண்டு முறைதான் வாய்ப்பு.

இன்னொன்று. அதே மனிதர்களிடம், நாற்பது தாண்டிய வயதில், அந்தத் திட்டம் உங்களுக்கு உதவியதா என்று கேட்டபோது, பதில் எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘ஆமாம்’ என்றார்கள். தங்கள் ஆலோசகரைப் பிரியமாக நினைவு வைத்திருந்தார்கள். தெருவில் திரியாமல் காப்பாற்றினார், நல்ல வழி காட்டினார் என்று எழுதினார்கள்.

நான் இந்த வரலாற்றில் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. நன்றி உண்மையானது. ஆனால் ஒரு மனிதனுக்கு ஒரு வாழ்க்கைதான் கிடைக்கிறது. ஆலோசகர் வராமல் போயிருந்தால் தான் என்ன ஆகியிருப்போம் என்று அவனால் பார்க்க முடியாது. அது தெரிய வேண்டுமென்றால் அவன் ஜோடியைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஜோடி சில தெரு தள்ளி, யாரும் வந்து கதவைத் தட்டாத வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். அவன் இல்லையென்றால் 264 என்பது ஒரு வெறும் எண். ‘நாம் மட்டும் இல்லையென்றால் 400 ஆகியிருக்கும்’ என்று யாராவது பெருமூச்சு விட்டிருப்பார்கள். நாமும் நம்பியிருப்போம்.

ஏன் இப்படி ஆனது? மெக்கார்ட் சில ஊகங்களை முன்வைத்தார். பிறர் துணைக்குப் பழகிப்போய், அது நின்றபோது தடுமாறியிருக்கலாம். படித்த நடுத்தர வர்க்க ஆலோசகரின் மதிப்பீடுகள் வீட்டில் இருந்தவற்றோடு மோதியிருக்கலாம். வாழ்க்கையிலிருந்து அதிகம் எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டு ஏமாந்திருக்கலாம். உதவி தேவைப்படுகிற ஆள் நான் என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டிருக்கலாம். அதிக காலம், அதிக தீவிரமாக உதவி பெற்றவர்களிடம் கெடுதலும் அதிகம் என்பதையும், ஒத்துழைத்த குடும்பங்களில்தான் வித்தியாசம் தெரிந்தது, கதவைத் திறக்காத குடும்பங்களில் இல்லை என்பதையும் அவர் காட்டினார். மருந்தின் அளவு கூடக்கூட நோயும் கூடினால் மருந்தைத்தானே சந்தேகிக்க வேண்டும்.

பிறகு கோடை முகாம் பக்கம் பார்வை போனது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் விளைவு மிக மோசம். அந்த ஜோடிகளில், முகாமுக்குப் போனவன் மட்டும் கெட்ட ஜோடிகள், போகாதவன் மட்டும் கெட்ட ஜோடிகளைப் போலப் பத்து மடங்கு. முகாமே போகாதவர்களிடமும் ஒரே முறை போனவர்களிடமும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. 1999ல் தாமஸ் டிஷியன், பிரான்சுவா பூலன் இருவரோடு சேர்ந்து மெக்கார்ட் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. டிஷியன் குழுவினர் ஓரிகனில் பையன்கள் பேசிக்கொள்வதைப் படம்பிடித்துக் கவனித்திருந்தார்கள். அடாவடியைப் பற்றி ஒருவன் பேச, மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் பரிசு. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பெரிய அடாவடி. பெரியவர் அறைக்குள் நின்று ஒழுக்கம் போதித்தாலும், உண்மையான வகுப்பு பின்பெஞ்சில் நடக்கிறது. வழி தவறக்கூடியவர்கள் என்று பொறுக்கியெடுத்த பையன்களை ஒன்றாகச் சேர்த்து உட்காரவைக்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

இதற்குப் பிறகாவது உலகம் திருந்தியிருக்கும் என்று நினைத்தால், நடந்தது வேறு. மெக்கார்டின் கட்டுரை வந்த அதே 1978ல் ‘ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்’ என்ற ஆவணப்படமும் வந்தது. நியூ ஜெர்சியின் ராவே சிறைக்கு விடலைப் பையன்களைக் கூட்டிப்போய், ஆயுள் தண்டனைக் கைதிகளை விட்டு, உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று கத்திப் பயமுறுத்த வைக்கிறார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பல மாநிலங்கள் அதைக் காப்பியடித்தன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபின்கனார் கணக்கெடுத்தார். சிறைக்குப் போய்வந்த பையன்களில் 41 சதவீதம் பேர் புதிதாகக் குற்றம் செய்தார்கள். போகாதவர்களில் 11 சதவீதம். பின்னாளில் அந்தோனி பெட்ரோசினோ குழு இம்மாதிரி ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தும் அதே முடிவுதான்: ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே மேல். 2011ல் அதே சரக்கு தொலைக்காட்சித் தொடராகத் திரும்பி வந்தது.

1983ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் தொடங்கிய ‘டேர்’ இன்னும் பெரியது. சீருடைப் போலீஸ்காரர் பள்ளிக்கு வந்து போதைக்கு ‘வேண்டாம்’ சொல்லக் கற்றுத்தருவார். ஒரு கட்டத்தில் அமெரிக்காவின் பள்ளி மாவட்டங்களில் முக்கால்வாசி அதில் இருந்தன. 1994ல் வந்த தொகுப்பாய்வு பலன் மிகச் சொற்பம் என்றது. கென்டக்கியில் ஆறாம் வகுப்பில் அந்தப் பாடம் படித்தவர்களை இருபது வயதில் போய்ப் பார்த்த 1999 ஆய்வு, படிக்காதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்றது. ஆனாலும் பெற்றோருக்குப் பிடித்திருந்தது, பள்ளிக்குப் பிடித்திருந்தது, போலீஸுக்குப் பிடித்திருந்தது. பாடத்திட்டம் மாற 2009 வரை ஆனது.

அப்படியென்றால் எதுவுமே உதவாதா, கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா? இல்லை. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் 400 கர்ப்பிணிகளை வைத்து இதே மாதிரிக் குலுக்கல் முறையில் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பகுதியினருக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் வீட்டுக்கு வருவார். பதினைந்து வயதில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளிடம் கைதுகள் குறைந்திருந்தன. முக்கியமாக, ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளிடம். பத்தொன்பதில் பார்த்தபோது அந்தப் பலன் பெண்பிள்ளைகளிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அற்புதம் என்று விளம்பரம் செய்ய முடியாத, ஆனால் நம்பக்கூடிய முடிவு. அதுவும் வீட்டுக்குப் போகும் உதவிதான், கேபட்டின் திட்டமும் வீட்டுக்குப் போகும் உதவிதான். எது பலிக்கும், எது கெடுக்கும் என்று பெயரைப் பார்த்தோ நோக்கத்தைப் பார்த்தோ சொல்லிவிட முடிந்திருக்காது.

கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வும் இன்னும் மூடப்படவில்லை. ஜோன் மெக்கார்ட் 2004ல் காலமானார். அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவராக இருந்தவர். பிராண்டன் வெல்ஷும் சகாக்களும் மறுபடி எல்லோரையும் தேடி, 2019ல் முடிவை வெளியிட்டார்கள். தேடியபோது திட்டம் முடிந்து 72 வருடம் ஆகியிருந்தது. 506 பேரில் 446 பேர் இறந்திருந்தார்கள். 42 பேர் உயிரோடு. ஆயுள் விஷயத்தில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை என்பது முடிவு. மெக்கார்ட் சொன்னவற்றில் ஒரு பகுதியைக் காலம் திருத்தியிருக்கிறது. அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். திருத்தப்படுவதற்கு வசதியாகத்தான் அவர் எல்லாவற்றையும் எண்களாக விட்டுப்போனார்.

‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். பொதுவாகக் காசுக்குச் சொல்வது. அன்புக்கு அதைச் சொன்னால் நமக்குக் கூசுகிறது. நல்லது செய்கிறோம், அதில் என்ன கணக்கு என்று தோன்றுகிறது. அந்தக் கூச்சத்துக்கான விலையை அன்பு செய்கிறவர் கொடுப்பதில்லை. ராவே சிறைக்குக் கூட்டிப்போகப்பட்ட பையன் கொடுக்கிறான். முகாமுக்கு இரண்டாவது முறை அனுப்பப்பட்டவன் கொடுக்கிறான். அவனுக்கே அது தெரியாது, கேட்டால் நன்றி சொல்வான்.

மருத்துவர்களின் தவறுகளைப் பிணவறையில் தேடிய கேபட், தான் ஆசையாக வளர்த்த திட்டத்துக்கும் ஒரு பிரேதப் பரிசோதனை நடக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்துவிட்டுப் போனார். அவர் இறந்து 39 வருடம் கழித்து அதன் அறிக்கை வந்தது. அது பாதகமாக இருந்தது. அந்த நாணயத்தைச் சுண்டாமல் இருந்திருந்தால் அவர் பெயர் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நமக்குத்தான் எதுவும் தெரியாமல் போயிருக்கும்.